குழாயைத் தாங்கும் இரும்பைப் பற்றி யாருக்குக் கவலை?

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ஆண்டாள் கோயிலுக்கு அடுத்தபடியாக எல்லோருக்கும் பால்கோவாதான் ஞாபகம் வரும். 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தாயிற்று. வாங்கித் தின்கிறவர்கள் பாலைப் பற்றிப் பேசுவார்கள், இனிப்பைப் பற்றிப் பேசுவார்கள். அடுப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

அந்த அடுப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். நாள் முழுக்கத் தீயின் மேலேயே இருக்கிற சட்டிக்கு ஒன்றும் ஆவதில்லை. காரணம், உள்ளே பால் இருக்கிறது. தீ கொடுக்கும் சூட்டைப் பால் வாங்கிக்கொண்டே இருக்கிறது. கொதிக்கும் பால் 100 டிகிரியை ஒட்டியே நிற்பதால் சட்டியின் இரும்பும் அதைவிட ரொம்ப மேலே போவதில்லை. (பால் சுண்டிக் கெட்டியான பிறகு கிண்டாமல் விட்டால் கதை மாறும். அதனால்தான் அங்கே நிற்கிறவர் கையை எடுப்பதே இல்லை.) அதே தீக்குள் விறகைத் தாங்க ஒரு இரும்புக் கம்பி போட்டிருந்தால் அதன் நிலைமை என்ன? அதற்குப் பின்னால் பாலும் இல்லை, தண்ணீரும் இல்லை. சிவந்து, செதில் செதிலாக உரிந்து, நடுவில் தொய்ந்து, சில மாதத்தில் பழைய இரும்புக்குப் போய்விடும். சட்டியைவிடக் கம்பிக்குத்தான் கஷ்டம் அதிகம். ஆனால் சட்டி வாங்கும்போது நாலு கடை ஏறி இறங்குகிறவர், கம்பிக்குக் கையில் கிடைத்ததைப் போடுவார்.

பெரிய ஆலைகளிலும் இதே கதைதான் நடக்கிறது. அங்கே சட்டிக்குப் பதில் குழாய், கம்பிக்குப் பதில் அந்தக் குழாயைத் தாங்கும் சப்போர்ட்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் ராஜபாளையம். 1936-இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸிலிருந்து பார்த்தால், பஞ்சும் நூலுமாகவே வளர்ந்த ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் பஞ்சையும் துணியையும் காரம் போட்டுக் கொதிக்கவைத்து வெளுக்க வேண்டும், பிறகு உலர்த்த வேண்டும். அதற்கு நீராவி வேண்டும், நீராவிக்கு பாய்லர் வேண்டும். துணி பதனிடும் பெரிய ஆலைகளில் இன்னொன்றும் உண்டு: தெர்மிக் ஆயில் ஹீட்டர். ஒரு உலைக்குள் சுருள் சுருளாகக் குழாய். அதற்குள் ஒரு எண்ணெய் ஓடி, 250 டிகிரிக்கு மேல் சூடாகி, துணி காயவைக்கும் ஸ்டென்டருக்குப் போய்ச் சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்.

இதன் பெரியண்ணன்தான் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் ஹீட்டர். சென்னை மணலியில் இருக்கும் சி.பி.சி.எல். போன்ற ஆலைகளில் (1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் ஆரம்பித்தது) கச்சா எண்ணெயைப் பிரிப்பதற்கு முன்னால் உலைக்குள் குழாய்களில் ஓடவிட்டுச் சூடாக்குவார்கள். குழாய்கள் வரிசை வரிசையாகப் படுத்தோ நின்றோ இருக்கும். அவற்றைச் சுவரோடும் கூரையோடும் பிடித்து நிற்கவைக்கும் கொக்கி, தாங்கி, தகடு எல்லாம் சேர்ந்ததுதான் டியூப் சப்போர்ட்.

ஒரு சின்னக் கணக்கு. ஆறு அங்குலக் குழாய், சாதாரணக் கனம், ஐந்து மீட்டர் நீளம் என்றால் வெறும் குழாய் 140 கிலோ. உள்ளே எண்ணெய் நிறைந்திருந்தால் இன்னொரு எழுபது கிலோ. மொத்தம் மூன்று பேர் எடை. இதைத் தாங்குவது என்ன பெரிய வித்தை என்று தோன்றும். குளிர்ந்த நிலையில் ஒரு வித்தையும் இல்லைதான். ஆனால் சாதாரண இரும்பு 600 டிகிரியில் தன் பலத்தில் பாதிக்கு மேல் இழந்துவிடும், 800 டிகிரியில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். உலைக்குள் குழாயை அதற்குள் ஓடும் எண்ணெய் குளிர்வித்துக்கொண்டே இருக்கிறது. தாங்கியைக் குளிர்விக்க யாருமில்லை. அது கிட்டத்தட்ட உலைப் புகையின் சூட்டிலேயே வருஷக்கணக்கில் நிற்க வேண்டும்.

ஏ.பி.ஐ. 560 என்று அமெரிக்க பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட் வெளியிடும் ஒரு தர விதி உண்டு. ஹீட்டர் கட்டுகிறவர்களுக்கு அதுதான் வேதம். தீ நேராகப் படும் பகுதியில் இருக்கும் தாங்கியை, அங்கே இருக்கும் புகையின் சூட்டோடு இன்னும் 100 டிகிரி கூட்டி வடிவமைக்க வேண்டும், எப்படிப் பார்த்தாலும் 870 டிகிரிக்குக் குறையக் கூடாது என்கிறது அது. உள்ளே ஓடும் எண்ணெய் 350 டிகிரிதானே என்று நினைத்துத் தாங்கியை வாங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

என்னென்ன உலோகம் எதுவரை தாங்கும் என்பதற்கும் அதே விதியில் அட்டவணை இருக்கிறது. சாதா கார்பன் ஸ்டீல் 425 டிகிரி. கொஞ்சம் குரோமியமும் மாலிப்டினமும் சேர்த்த ஸ்டீல் 650. இருபத்தைந்து பங்கு குரோமியம், பன்னிரண்டு பங்கு நிக்கல் சேர்த்த வார்ப்பு 980. நிக்கலை இருபதாக உயர்த்தினால் 1090. இந்த இருபத்தைந்து-இருபது வார்ப்பில் கார்பன் 0.4 சதவீதம் சுற்றி இருந்தால் அதற்கு எச்.கே. 40 என்று பெயர். அந்தக் கார்பன் முக்கியம். சூட்டில் உலோகம் பாரத்துக்கு மெல்ல மெல்ல இழுபட்டுத் தொய்வதை க்ரீப் என்பார்கள். அதைத் தடுத்து நிறுத்துவதில் கார்பனுக்குப் பங்கு உண்டு. இதே கலவையைத் தகடாக உருட்டினால், கார்பன் குறைவு என்பதால், விதி 870-லேயே நிறுத்திவிடுகிறது. தகடு வெட்டி வெல்டு வைத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று ஆசைப்படுகிறவர்கள் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம்.

அப்படியானால் எல்லா இடத்திலும் இருப்பதிலேயே விலை உயர்ந்ததைப் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். பட்டியலில் விலை கூடியது பாதிக்குப் பாதி குரோமியமும் நிக்கலும், கொஞ்சம் நையோபியமும் சேர்த்த வார்ப்பு. அதன் வரம்பு 980 டிகிரிதான், எச்.கே.-யைவிடக் குறைவு! அதை ஏன் வாங்குகிறார்கள்? எரிபொருளுக்காக. கனமான ஃபர்னஸ் ஆயிலில் வனேடியமும் சோடியமும் இருக்கும. எரிந்த பிறகு அவை சாம்பலில் சேர்ந்து 600, 650 டிகிரி வாக்கில் உருகி, தாங்கியின் மேல் ஒட்டி, அதைப் பாதுகாக்கும் ஆக்சைடு தோலைக் கரைத்துக் குடித்துவிடும். அதனால் வனேடியமும் சோடியமும் சேர்ந்து எரிபொருளில் கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டி, தாங்கியின் வடிவமைப்புச் சூடும் 650-ஐத் தாண்டினால், ஐம்பது-ஐம்பது வார்ப்பு போடு, இல்லையென்றால் தாங்கியை 50 மில்லிமீட்டர் கனத்துக்குச் சூடு தாங்கும் காரையால் மூடு என்கிறது விதி.

எரிவாயு எரிக்கும் ஹீட்டரில் இந்தச் சிக்கலே கிடையாது. அங்கே ஐம்பது-ஐம்பது போடுவது மழை இல்லாத ஊரில் ரெயின்கோட் விற்கிற மாதிரி.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. எண்ணூரில் எல்.என்.ஜி. முனையம் 2019-இல் திறக்கப்பட்ட பிறகு மணலித் தொழிற்சாலைகளுக்குக் குழாய் வழியாக இயற்கை எரிவாயு வரத் தொடங்கியது. எண்ணெயும் நாஃப்தாவும் பழகிய ஒரு வட்டாரத்துக்கே புது எரிபொருள். இப்படி எரிபொருள் மாறுகிற எந்த ஆலையிலும் தாங்கியின் கணக்கு திரும்பவும் முதலிலிருந்து போட வேண்டியது. வனேடியப் பயம் போய்விடும், ஆனால் பர்னரும் சுவாலையின் உயரமும் மாறும், சூடு விழும் இடமும் மாறும். நடைமுறையில் எந்த அலுவலகத்திலும் சுலபமான வழி ஒன்றுதான்: பழைய பர்ச்சேஸ் ஆர்டரை எடு, தேதியை மாற்று, அனுப்பு. எண்ணெய் எரித்த காலத்து உலோகத்தை எரிவாயுக் காலத்தில் வாங்கினால் பணம் வீண். எரிவாயுக் காலத்து உலோகத்தோடு, என்றோ ஒருநாள் எரிவாயு தட்டுப்பாடு என்று மறுபடி எண்ணெய்க்குப் போனால் தாங்கியே வீண்.

ராஜபாளையம் பக்கம் இதன் சின்ன வடிவத்தை விறகு பாய்லரில் பார்க்கலாம். விறகைத் தாங்கும் கிரேட் கம்பிகள் சாதாரண வார்ப்பிரும்பாகவே இருந்தும் ஓரளவு நாள் தாக்குப் பிடிக்கின்றன. கீழிருந்து வரும் காற்று அவற்றைக் குளிர்விக்கிறது. சாம்பல் சேர்ந்து காற்று அடைத்தால் தீர்ந்தது, கம்பி வெந்துவிடும். சீமைக்கருவேல விறகுக்குப் பதில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஏதாவது உமியையோ தோலையோ போட்டால், அதில் இருக்கும் பொட்டாசியம் உருகிக் கட்டியாகிக் கம்பி இடுக்கில் ஒட்டிக்கொள்ளும். எரிபொருளில் மிச்சம் பிடித்த காசு கம்பியில் போகும். பாய்லர்காரருக்கு இது தெரியும். ஆபீசில் விறகு பில் பார்க்கிறவருக்குத் தெரியாது, ஏனென்றால் கம்பி பில் வேறு ஃபைலில் வருகிறது.

இதெல்லாம் இன்ஜினியர்கள் பாடு, காமர்ஸ் படித்தவர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். கடைசியில் எந்தக் கொட்டேஷனை எடுப்பது என்று முடிவு செய்வது பெரும்பாலும் காமர்ஸ் படித்தவர்தான். அதனால் கொஞ்சம் அவர் பாஷையிலேயே பேசுவோம்.

கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒரு ஹீட்டருக்கு மலிவான தாங்கி செட் 20 லட்சம், நாலு வருஷம் வரும். நல்ல செட் 35 லட்சம், பத்து வருஷத்துக்கு மேல் வரும். பத்து வருஷத்தில் மலிவானதை இன்று ஒருமுறை, நாலாம் வருஷம் ஒருமுறை, எட்டாம் வருஷம் ஒருமுறை வாங்க வேண்டும். சும்மா கூட்டினால் 60 லட்சம். ஆனால் பின்னால் வரும் செலவை இன்றைய மதிப்புக்குக் குறைத்துப் பார்க்க வேண்டும் என்று காமர்ஸ் புத்தகம் சொல்கிறது. 12 சதவீத வட்டியில் பார்த்தால் 60 லட்சம் கிட்டத்தட்ட 41 லட்சமாகிவிடும். 18 சதவீதத்தில் 35.6 லட்சம். 20 சதவீதத்தில் 34.3 லட்சம். அதாவது 18 சதவீதத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்று, 20 சதவீதத்தில் மலிவானதே ஜெயிக்கிறது! மலிவானதை வாங்கு என்கிற பர்ச்சேஸ் மேனேஜர் முட்டாள் இல்லை. அவர் முன்னால் இருக்கும் எண்கள் அப்படித்தான் சொல்கின்றன.

அவர் முன்னால் இல்லாத எண்தான் விஷயமே. அந்த ஹீட்டர் ஒருநாள் நின்றால் ஐந்து லட்சம் நஷ்டம் என்று வையுங்கள். நல்லதற்கும் மலிவானதற்கும் உள்ள 15 லட்சம் வித்தியாசம் மூன்றே நாள். தாங்கி ஒன்று முறிந்து, குழாய் தொங்கி, எதிர்பாராமல் உலையை நிறுத்தினால் மூன்று நாளில் திறக்க முடியுமா? உலை ஆறுவதற்கே நேரம் வேண்டும். பிறகு சாரம் கட்டி உள்ளே ஆள் இறங்கி, காரையை உடைத்து, குழாயைத் தூக்கிப் பிடித்து, புதுத் தாங்கி மாட்டி, மறுபடி காரை பூசி உலரவைத்து... புது வார்ப்பு கையில் இருந்தால் இவ்வளவு. இல்லாவிட்டால் ஃபவுண்டரி வாசலில் தவம்.

இந்த நஷ்டம் எந்தக் கணக்கில் ஏறுகிறது? தாங்கி வாங்கியது பழுதுபார்ப்புச் செலவில் ஏறும். ஓட்டம் நின்றதால் விற்காமல் போன சரக்கு எந்த லெட்ஜரிலும் ஏறாது. 15 லட்சம் மிச்சம் பிடித்தவருக்கு அந்த வருஷமே பாராட்டு. நாலு வருஷம் கழித்துத் தாங்கி முறியும்போது அவர் வேறு ஊருக்கு மாற்றலாகியிருப்பார். ஷிஃப்ட் இல்லை என்று திருப்பி அனுப்பப்படும் ஒப்பந்தத் தொழிலாளியின் கூலியும் எந்த லெட்ஜரிலும் கிடையாது. குழாய் விரிசல் விட்டு, ஓடும் எண்ணெய் தீக்குள் கொட்டினால் வருகிற ஆபத்தை எந்த வட்டி விகிதத்தில் தள்ளுபடி செய்வது?

டெண்டர்களில் குறைந்த விலைக்காரரை எல்-1 என்பார்கள். எல்-1 முறையே தப்பு என்று சொல்வதற்கில்லை. அது இல்லையென்றால் மேஜைக்கு அடியில் வேறு வேலைகள் நடக்கும். ஆனால் தாங்கி மாதிரியான பொருளுக்கு விலை உறையைத் திறப்பதற்கு முன்னால் தொழில்நுட்ப உறையில் என்ன கேட்டோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘வெப்பம் தாங்கும் வார்ப்பு, முந்தைய மாதிரியே’ என்று ஒரு வரி எழுதிவிட்டு எல்-1 எடுத்தால் அது தாங்கி வாங்குவது ஆகாது, எடைக்கு உலோகம் வாங்குவது. அந்த எடையின் விலையும் ஒரே இடத்தில் நிற்காது. 2022 மார்ச் 8-ஆம் தேதி லண்டன் சந்தையில் நிக்கல் டன் ஒரு லட்சம் டாலரைத் தொட்டு, வியாபாரத்தையே நிறுத்திவைத்து, அன்று நடந்த பேரங்களை ரத்து செய்தார்கள். கொஞ்ச நாள் முன்னால்தான் அது 25,000 சுற்றி இருந்தது. அந்த மாதிரி நாட்களில் இருபது பங்கு நிக்கல் கேட்ட ஆர்டருக்குப் பன்னிரண்டு பங்கு வார்ப்பை அனுப்பும் சபலம் எவருக்கும் வரலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? எவர்சில்வர் பாத்திரக் கடையில் காந்தம் வைத்துப் பார்ப்பார்கள் இல்லையா, அது இங்கே உதவாது. பன்னிரண்டு நிக்கல் வார்ப்பிலும் காந்தம் சரியாக ஒட்டாது, இருபதிலும் ஒட்டாது. கையடக்க எக்ஸ்ரே துப்பாக்கி ஒன்று இருக்கிறது, பரப்பில் வைத்தால் குரோமியம், நிக்கல் எவ்வளவு என்று சொல்லிவிடும். கார்பனை அது சொல்லாது. கார்பனுக்குத் துண்டு வெட்டி லேபுக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் செலவு தாங்கியின் விலையில் சிறு துளி. ஆனால் ஆர்டரில் எழுதியிருந்தால்தான் யாராவது செய்வார்கள்.

உலோகத்தைப் பற்றியே பேசி வடிவத்தை விட்டுவிடக் கூடாது. ‘கனமாகப் போட்டுவிட்டால் உடையாது’ என்பது வீட்டுக் கதவுக்குச் சரி. உலைக்குள் கனம் கூடக் கூடத் தாங்கி தன் எடையையே சுமக்க வேண்டும். கனமான இடமும் மெல்லிய இடமும் ஒரே வேகத்தில் சூடாவதில்லை, அந்த வித்தியாசத்திலேயே மூலைகளில் விரிசல் விடும். நல்ல வார்ப்பு சீரான கனத்தில், மூலைகள் வளைவாக, திடீர்ப் படிகள் இல்லாமல் இருக்கும்.

அடுத்தது, குழாய் நீளும். பத்து மீட்டர் ஸ்டீல் குழாய் குளிர்ந்த நிலையிலிருந்து 400 டிகிரிக்குப் போனால் ஐந்து சென்டிமீட்டர் நீளும். நீளும்போது தாங்கியின் மேல் உராய்ந்துகொண்டு போகும். அந்த உராய்வு விசைக்கு, குழாயின் பாரத்தில் குறைந்தது 30 சதவீதம் என்று கணக்கு வைக்கச் சொல்கிறது விதி. மேலே சொன்ன 210 கிலோவுக்கு அறுபது கிலோ சொச்சம் பக்கவாட்டில் தள்ளும். இறுக்கிப் பிடித்தால் பலம் என்று நினைத்துக் குழாயைத் தாங்கியோடு வெல்டு வைத்துவிட்டால் ஒன்று குழாய் வளையும், இல்லை தாங்கி முறியும். தாங்கிகளுக்கு இடையே எவ்வளவு தூரம் விடலாம் என்பதற்கும் வரம்பு உண்டு: படுத்திருக்கும் குழாய்க்கு அதன் வெளிவிட்டத்தைப் போல 35 மடங்கு, அல்லது 6 மீட்டர், எது குறைவோ அது. இரண்டு தாங்கியைக் குறைத்துச் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்கிற யோசனை இங்கே வந்து முட்டும்.

இன்னொன்று பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். குரோமியம் கூடிய இந்த உலோகங்களில் சில, 650-க்கும் 900-க்கும் இடையில் வருஷக்கணக்கில் இருந்தால் உள்ளுக்குள் சிக்மா என்றொரு கண்ணாடி மாதிரியான அமைப்பு உருவாகும். சூடாக இருக்கும்வரை தாங்கி பாரத்தைச் சுமந்துகொண்டு நிற்கும். ஷட்டவுனில் உலை ஆறியதும் அதே தாங்கி, பராமரிப்பு ஆள் சுத்தியலால் லேசாகத் தட்டினாலே படக்கென்று உடைந்து விழும். ‘நேற்றுவரை ஓடிய ஹீட்டரை நீங்கள்தான் கெடுத்துவிட்டீர்கள்’ என்று அந்த ஒப்பந்தக்காரர்மேல் பழி விழும். பாவம், அவர் தட்டியது நாலு வருஷம் முன்பே செத்துப்போன உலோகத்தை. உலை ஆறியிருக்கும்போது எதிலும் மோதாமல் வேலை செய்யச் சொல்வதும், மாற்று வார்ப்புகளை ஷட்டவுனுக்கு முன்பே வாங்கி வைப்பதும்தான் இதற்கு வழி.

வாங்கி வைப்பது என்றதும் ஒரு சின்ன விஷயம். வார்ப்புக்கு முதலில் மரத்தில் ஒரு பேட்டர்ன் செய்வார்கள். அதை மண்ணில் பதித்துத்தான் அச்சு எடுப்பது. பேட்டர்ன் செய்யும் கூலி முதல் ஆர்டர் விலைக்குள் அடங்கிவிடுவதால் அது யாருடையது என்று யாரும் கேட்பதில்லை, ஃபவுண்டரியின் பரணிலேயே கிடக்கும். அவசரத்துக்கு வேறு ஃபவுண்டரியில் ஊற்றலாம் என்று பார்த்தால் பேட்டர்ன் இல்லை, வரைபடம் பழையது, உலைக்குள் இறங்கி அளவெடுக்க ஹீட்டரை நிறுத்த வேண்டும். கோயம்புத்தூரில் ஃபவுண்டரிக்குப் பஞ்சமில்லை, ஆனால் பேட்டர்ன் கையில் இல்லாதவருக்கு ஊரில் இருப்பது ஒரே ஃபவுண்டரிதான், அவர் சொல்வதுதான் விலை. ஆர்டரின் கடைசிப் பக்கத்தில் ‘பேட்டர்ன் வாங்குபவரின் சொத்து, கேட்கும்போது ஒப்படைக்க வேண்டும்’ என்று ஒரு வரி சேர்க்க ஒரு பைசா செலவில்லை.